பாதிச் சுற்று கணக்கில் வராது

பிசியோதெரபி படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு, முட்டியை எப்படி மடங்க வைப்பது என்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். மறந்துபோனாலும் கைப்பேசியில் தேடினால் யாரோ ஒருவர் பளபளக்கும் தரையில், வலியே இல்லாத ஒரு காலை வைத்துக்கொண்டு, புன்னகையோடு செய்து காட்டுவார். எனக்குக் கவலையெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் பயிற்சி போய்ச் சேரும் வீட்டைப் பற்றித்தான். நாம் சொல்வது ஒன்று, அங்கே நடப்பது ஒன்று. நடுவில் ஒரு கால் மாட்டிக்கொண்டிருக்கும்.

தொழிலை விட்டவன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து இதை எழுதுவதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பத்தி எழுதிவிட்டு எழுந்து வாசல்வரை போகிறேன். தெருவில் யாராவது நொண்டிக்கொண்டு போனால் அவர் முக்குத் திரும்பும்வரை பார்க்கிறேன். திரும்பி வந்தால் எழுத வந்தது மறந்திருக்கிறது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பரீட்சை அறையில் இப்படி ஒரு பையன் இருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன் என்கிறார்.

நான் தொழில் பார்த்த சங்கரன்கோவிலில் எனக்குப் பெயர் ‘கரண்டு டாக்டர்’. பட்டையைச் சுற்றி, பிசினைத் தடவி, சுர்ரென்று ஏதாவது ஏறினால்தான் அது வைத்தியம் என்பது ஊரின் தீர்மானம். உடற்பயிற்சி என்பது மின்சாரம் நின்றுபோன நேரத்தில் டாக்டர் பேச்சுக்குச் சொல்வது. பயிற்சியை வீட்டில் பண்ணிக்கொள்கிறோம், நீங்கள் கரண்டை வையுங்கள் என்று கேட்காத நோயாளி எனக்கு வாய்த்ததில்லை. வீட்டில் என்ன பண்ணினார்கள் என்பதை அடுத்த வாரம் அவர்கள் முட்டி சொல்லிவிடும். ஆகவே, சொன்ன பயிற்சியைச் சொன்னபடி செய்கிற ஒரு நோயாளிக்காக நான் பல வருடங்கள் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் ஒருவர் வந்தார். அவரால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அவர் பெயரைக் குருசாமி என்று வைத்துக்கொள்வோம். டவுன் பஸ் டிரைவர். சங்கரன்கோவிலுக்கும் திருவேங்கடத்துக்கும் நடுவில் கரிசல் காட்டு ஊர்களில் எல்லாம் நின்று நின்று போகும் வண்டி. ஒருநாள் வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது ஒரு லோடு ஆட்டோ இடித்து, இடது முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு அனுப்பினார்கள். என்னிடம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு கைத்தடிக்கு மாறினார், பிறகு அதையும் விட்டார். சர்ஜனும் பார்த்துவிட்டு எலும்பு சேர்ந்தாயிற்று, இனி காலில் முழு எடையைப் போடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனி மாதக் கடைசியில் நிலைமை இதுதான்: நடக்கிறார், படி ஏறுகிறார், முட்டி மட்டும் அதிகம் வேலை கொடுத்தால் சாயங்காலம் லேசாக வீங்குகிறது.

டிரைவருக்கு இடது கால் என்றால் கிளட்ச். அதுவும் டவுன் பஸ்ஸில் அந்தக் கால் சும்மா இருக்கிற நேரமே கிடையாது. ஆடி முடிந்ததும் அவருக்கு உடல்தகுதிப் பரிசோதனை. டாக்டர்கள் குழு உட்கார வைத்து, எழ வைத்து, அந்தக் காலில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். தேறினால் மறுபடி ஸ்டீயரிங். தேறாவிட்டால் டிப்போவில் ஏதாவது உட்கார்ந்து பார்க்கிற வேலை. பஸ்ஸைக் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து மற்றவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமா என்று ஒருநாள் கேட்டார். அத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

பேச்சு முழுவதும் அவர் மனைவி வேலுத்தாயின் பொறுப்பு. விசைத்தறிக் கூடத்தில், தறிக்குப் போகிற நூலைச் சிறு குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை அவருக்கு. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். நான் சொல்லும் பயிற்சியை எல்லாம் கணவருக்குப் பதிலாகத் தானே தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டில் அதைக் குறையாமல் செய்ய வைப்பார். நான் ஏங்கிய நோயாளி குருசாமி என்று சொன்னேன் அல்லவா, திருத்திக்கொள்கிறேன். நோயாளி அவர் கால், சொன்னபடி செய்தது வேலுத்தாய்.

ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்னால் வேலுத்தாய் வந்து உட்கார்ந்தார்.

“சார், கொடியேத்தத்துல இருந்து இவுக ஆடிச்சுத்து சுத்தணும். நூத்தியொண்ணு நேர்ந்திருக்கேன்.”

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடித் தபசு எங்கள் ஊரின் பெரிய திருவிழா. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றதை நினைத்து, கொடியேறிய நாளிலிருந்து தபசு நாள்வரை ஆணும் பெண்ணும் கோயில் பிரகாரத்தைச் சுற்றி நடப்பார்கள். அவள் கால் வலியில் தாங்கள் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்வார்கள். நூறைத் தாண்டியும் ஐந்நூறைத் தாண்டியும் நேர்ந்துகொண்டு நடக்கிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் பிரகாரம் ஆற்று வெள்ளம் மாதிரி ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும்.

“யார் நேர்ந்தது?” என்று கேட்டேன்.

“நாந்தான்.”

“நடக்க வேண்டியது?”

“இவுக.”

குருசாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் காலை வைத்து நேர்ந்துகொள்ளும் வசதி எங்கள் சபையில் கிடையாது. நாங்கள் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். உபவாசம் என்றால் பொருத்தனை பண்ணினவரே பட்டினி கிடந்தாக வேண்டும். என் மனைவிக்கு மட்டும் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்னை வைத்து என்னவெல்லாம் நேர்ந்திருப்பார் என்று யோசித்தேன். உடம்பு சிலிர்த்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கூடாது என்பீர்கள். எனக்கும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. கல் தரை, வெறுங்கால், நெரிசல், இடித்துக்கொண்டு போகிற குழந்தைகள், பிளேட் வைத்த கால், பின்னாலேயே வரும் பரிசோதனை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூடாது என்றால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார். கொடியேறிய அன்று குருசாமி பிரகாரத்தில் இருப்பார். எனக்கு மட்டும் அது தெரிந்திருக்காது. நம்மிடம் சொல்லிவிட்டுச் செய்யும் தவறு, மறைத்துச் செய்யும் தவறைவிட எவ்வளவோ மேல். முதலாவதை நாம் வீங்குவதற்கு முன்னால் பார்க்கலாம்.

ஆகவே அதையே பயிற்சியாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். சுற்றுகளை நாள்தோறும் பிரித்துக்கொண்டால் ஒருநாளைக்கு வருவது அந்தக் கால் தாங்கக்கூடிய நடைதான். கல் சுடுவதற்கு முன் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். கணக்கு சரியாகத்தான் வந்தது. காகிதத்தில் எனக்கு எந்தக் கணக்கும் தப்பியதில்லை.

மறுநாள் நானே போய்ப் பிரகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே மேடு, எங்கே படி, எங்கே வழுக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். காணிக்கைக் காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் என்று எண்ணி ஒரு பூக்கார அம்மாள் தானும் சேர்ந்து தேடினார். நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி போய்விட்டது. கோயிலில் சார் தரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனதாக யாரோ சொன்னார்களாம். அன்றிரவு என் மனைவி செய்த ஜெபத்தில் என் பெயர் வழக்கத்தைவிட நீளமாக வந்தது.

பிரகாரத்தில் எனக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. வலமாகத்தான் சுற்ற வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு முனையிலும் வலப்பக்கம் திரும்புவார், இடது கால் எப்போதும் வெளிப்பக்கம். அடிபட்ட காலுக்குத்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுதல் வேலை. என் அறையில் என்றால் இரண்டு பக்கமும் மாற்றி நடக்க வைத்துச் சமன் செய்துவிடுவேன். வீட்டில் தண்ணீர்த் தொட்டியை எதிர்ப்பக்கமாகச் சுற்றி வரட்டும் என்றேன். வேலுத்தாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இடமாகச் சுற்றுவது துக்க வீட்டுக் காரியம், நேர்ச்சைக் காலில் அதைச் செய்வதா என்றார். சரி என்று, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து நடக்கும் நண்டு நடையைக் கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வரிசையாக அதே மாதிரி நடந்ததாகக் கேள்வி.

இன்னொன்றும் சொன்னேன். அதுதான் வினையாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாதி வழியில், மேற்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபப் படியில் கொஞ்சம் உட்கார வேண்டும், காலை நீட்டிவிட்டு, மூச்சு வாங்கிவிட்டு, மீதிச் சுற்றை நடக்க வேண்டும் என்றேன். வேலுத்தாய் தலையாட்டினார்.

கொடியேறியது. முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. அதாவது, நன்றாகப் போகிறது என்றார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நோயாளிக்குத் தோளைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பேன், மனம் மேற்குப் படியில் இருக்கும். ஆடிக் காற்று ஜன்னலை அடித்தால் யாரோ விழுந்துவிட்ட சத்தம் மாதிரி இருக்கும். போனை எடுத்துப் பார்ப்பேன். அவர்கள் வீட்டு வழியாகப் போக ஒரு காரணமும் இல்லாமல் போவேன். வீடு பூட்டியிருக்கும். பூட்டைப் பார்த்துவிட்டு வருவேன். சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் பிரகாரம் மாதிரி ஓரமாகச் சுற்றி ஒதுக்கியிருக்கிறேன் என்று மனைவி காட்டினார்.

மூன்றாம் நாள் வேலுத்தாய் போனில், கால் கொஞ்சம் உப்பியிருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார். நம் தொழிலில் ‘மற்றபடி ஒன்றுமில்லை’ என்று கேட்டால் செருப்பைத் தேட வேண்டும். போய்ப் பார்த்தேன். நான் பயந்த அளவு இல்லை, ஆனால் நான் கொடுத்த நடைக்கு அவ்வளவு வீக்கம் வரக் கூடாது. ஐஸ் வைக்கச் சொன்னேன், சுற்றைக் குறைக்கச் சொன்னேன். கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி போன். இந்தத் தடவை கோயிலிலிருந்து.

“சார், இவுகளுக்குப் படியில இருந்து எந்திரிக்க முடியல.”

கூட்டத்தில் புகுந்து மேற்கு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குருசாமி தூணில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். முட்டி, முட்டியாக இல்லை. தொட்டால் சூடு. அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியது எல்லாம் கெட்டவை. பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடித்திருக்குமா? கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்குமா? பிளேட்டே விட்டுப்போயிருக்குமா? பக்கத்தில் ஆட்கள் நடந்துகொண்டேயிருக்கிறார்கள். ஒருவர் நின்று திருநீறு பூசினால் சரியாகும் என்றார், இன்னொருவர் புற்றுமண் தடவச் சொன்னார், மூன்றாமவர் என்னைக் காட்டி, அதான் கரண்டு டாக்டர் வந்திருக்காரே என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் கேட்க வேண்டியதை வரிசை மாறாமல் கேளுங்கள். காய்ச்சல் உண்டா? இல்லை. ராத்திரி சும்மா கிடக்கும்போது வலித்ததா? இல்லை, நடந்தால்தான். கெண்டைக்காலை அமுக்கினேன், அவர் முகம் மாறவில்லை. எலும்பு சேர்ந்த இடத்தைத் தட்டினேன், அங்கும் இல்லை. தழும்பில் சிவப்பு இல்லை. சர்ஜனுக்குப் போன் போட்டேன். காய்ச்சலோ சிவப்போ கண்டால் உடனே ஏற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் அதிகம் வேலை கொடுத்த முட்டிதான், ஓய்வு கொடுத்து நாளைக் காலையில் ஒரு படம் எடுத்துவிடுங்கள் என்றார். மறுநாள் எடுத்த படத்தில் பிளேட் அதன் இடத்திலேயே இருந்தது என்பதை உங்கள் நிம்மதிக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நிம்மதி அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அதிகம் வேலை கொடுத்த முட்டி. சரி, யார் கொடுத்தது? இதுவரை எத்தனை சுற்று முடிந்தது என்று வேலுத்தாயிடம் கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புளியங்கொட்டைகளைக் காட்டினார். சுற்றுக்கு ஒரு கொட்டை. நான் சொன்ன அளவுதான் இருந்தது, சொல்லப்போனால் ஒன்றிரண்டு குறைவு. அந்த நடைக்கு இந்த முட்டி வீங்கவே வீங்காது.

“படியில் உட்காரச் சொன்னேனே, உட்கார்ந்தாரா?”

“உக்காந்தாக சார். நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட விடல.”

“பிறகு?”

“பொறவு எந்திரிச்சு மிச்சத்தை நடந்துட்டு, திருப்பி மொதல்ல இருந்து ஒரு சுத்து நடந்தாக.”

எனக்கு விளங்கவில்லை. வேலுத்தாய் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“நடுவுல உக்காந்தா அது சுத்துல சேராதுல்லா சார். நூலு அந்துச்சுன்னா முடிச்சுப் போடலாம். சுத்துக்கு எங்கன முடிச்சுப் போட? அதான், நீங்க சொன்னதுக்கு ஒண்ணு உக்காந்து நடந்தாக, அம்மனுக்கு ஒண்ணு உக்காராம நடந்தாக.”

என் மருந்தும் நடந்திருக்கிறது, அவர்கள் நேர்ச்சையும் நடந்திருக்கிறது. இரண்டையும் ஒரே முட்டி நடந்திருக்கிறது. காலைக் காப்பாற்றுவதற்காக நான் கொடுத்த ஓய்வு அந்தக் காலின் வேலையை இரண்டு மடங்காக்கிவிட்டது. சுற்றைக் குறைக்கச் சொன்னபோதும் குறைத்தது புளியங்கொட்டையில் இருந்த சுற்றைத்தான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று எழுந்து போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: நாம் ‘பத்து’ என்று சொல்கிறோம். அந்த வீட்டில் எதை ‘ஒன்று’ என்கிறார்கள் என்று கேட்பதில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு நிலை. கோபம்தான் சுலபமாக வந்தது. நிறுத்துங்கள், இன்றோடு சரி, இனி ஒரு சுற்றுக்கூடக் கிடையாது என்றேன். பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. அப்போதுதான் குருசாமி தூணைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

“நடந்துருதேன் சார். கொஞ்சம்தான்.”

“பரிசோதனை இருக்குய்யா. இந்தக் காலோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

“அனுப்பட்டும்.”

பஸ் ஓட்டுவது தவிர வேறெதுவும் வேண்டாத மனிதர் இப்படிச் சொன்னால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். வேலுத்தாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, தறிக்குரலை விட்டுவிட்டு, அந்த இரைச்சலில் நான் குனிந்து கேட்க வேண்டிய குரலில் சொன்னார். அடிபட்ட அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில், ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, காலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லி வேலுத்தாயைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். தம்பிமார், மச்சினர் எல்லோரும் உயிர் பிழைத்தால் போதும், போடு என்றிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று வராந்தாவுக்கு வந்திருக்கிறார்.

“அங்கன நின்னுதான் நேர்ந்தேன். இந்தக் கால் உன்னைச் சுத்தி நடந்து வரும், எடுக்க விட்டுராதன்னேன். உள்ள போறதுக்குள்ள ஓட்டம் வந்துட்டுன்னு சொல்லிட்டாக. இப்பம் எப்படி சார் பாதியில நிறுத்த?”

குருசாமி, “இவ கையெழுத்துப் போட்டிருந்தா எனக்குக் காலே இல்ல” என்றார். அவ்வளவுதான். அவர் கணக்கில் கால் மனைவிக்குப் பட்ட கடன், வேலை இரண்டாவது.

எனக்கு நாக்கில் நிறைய இருந்தது. தெய்வத்துக்கு உங்கள் கால் வலி தெரியாதா, மனசு போதாதா, இப்படிச் சொல்லலாம் அப்படிச் சொல்லலாம். எதுவும் சொல்லவில்லை. அது அவர்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். வேறொரு சபையில் இருந்து வந்து, நேர்ச்சைக்கு உரை சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்தது முட்டி. அதை மட்டும் சொன்னேன், முடிந்தவரை மெதுவாக. இன்றைக்கு இதற்குமேல் நடந்தால் பரிசோதனைக்கு இந்தக் கால் தேறாது. நாளையும் மறுநாளும் நடந்தால் மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. சில நாள் தரையில் ஊன்றாமல் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, உட்காராமல் நடக்க முடியலாம். முடியும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நம் தொழிலில் மிகக் கடினமான பயிற்சி அதுதான். அதை யாருக்கும் செய்து காட்டவும் முடியாது.

ஆட்கள் எங்களைச் சுற்றி நடந்துகொண்டேயிருந்தார்கள். பிறகு வேலுத்தாய் முந்தானையில் இருந்த புளியங்கொட்டைகளை எல்லாம் அள்ளிக் கணவரின் மடியில் போட்டார்.

“நீங்க எண்ணுங்க. மிச்சத்தை நான் நடக்கேன். கடைசிச் சுத்து மட்டும் ஒங்களுக்கு.”

“ஏட்டி, நேர்ந்தது என் காலு.”

“நேர்ந்தது என் வாயி. அவ கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீங்க கால நீட்டுங்க.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தில் இறங்கிவிட்டார். குருசாமி மடியில் கொட்டைகளை வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் இருந்த நாட்களுக்கு ஒரு புதிய பயிற்சித் திட்டம் தேவைப்பட்டது. படுக்கச் சொன்னால் படுக்க மாட்டார், மனைவி நடக்கும்போது அந்தப் படியில்தான் இருப்பார். சரி என்று அங்கேயே கொடுத்தேன். கால் நீட்டியிருக்க வேண்டும், முட்டியில் ஐஸ் பை. வேலுத்தாய் ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் தொடைத் தசையை இறுக்கி, முட்டியைத் தரையோடு அழுத்திப் பிடித்து, அவர் தலை மறைந்ததும் விட வேண்டும். முட்டி அசையாது, வீக்கம் கூடாது, தொடையும் மெலியாது. குருசாமி உதட்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்குவதைப் பார்த்தவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து அவர் முன்னால் காசு போட்டார்கள். அதைப் பொறுக்கி உண்டியலில் போடும் வேலையும் சேர்ந்தது. என் வாழ்க்கையில் நான் வகுத்த திட்டங்களில் முழுசாக, ஒன்றுகூடத் தவறாமல் நிறைவேறியது அது ஒன்றுதான். அதில் பாதி வேலுத்தாய் வகுத்தது.

தபசு நாளுக்கு முந்தைய நாள் காலையில் கால் ஓரளவு வடிந்திருந்தது. கடைசிச் சுற்று. நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் இருவரும் முன்னால் நடக்க, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நான் பின்னால் நடந்தேன். குருசாமியின் இடது பாதம் தரையில் படும்போதெல்லாம் என் பல் கடிபட்டது. மேற்குப் படி வந்தபோது மூன்று பேரும் அதைப் பார்த்தோம், யாரும் நிற்கவில்லை. கொடிமரத்தடிக்கு வந்ததும் வேலுத்தாய் ஓவென்று அழுதார். குருசாமி முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சூடு இல்லை என்று என்னிடம் சொன்னார்.

பூக்கார அம்மாள் என் வீட்டுக்குச் செய்தி அனுப்பத் தவறவில்லை. கடைசியில் சாரும் சுற்றிவிட்டார் என்று. என்ன வேண்டுதல் என்று மனைவி கேட்டார். ஒரு கிளட்ச் என்றேன். அன்றைக்கு ஜெபத்தில் ஒரு டிரைவரின் பெயரும் வந்தது.

உடனே வெற்றி என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். முதல் பரிசோதனையில் குருசாமி தேறவில்லை. முழுதாகக் குந்தி எழ முடியவில்லை, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்பதை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். நேர்ச்சைக்கு நடக்கவே விடாமல் இருந்திருந்தால் முதல் தடவையிலேயே தேறியிருப்பாரோ? விடாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் நூற்றொன்றையும் நடந்து காலையே கெடுத்திருப்பாரோ? இதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொன்னால், அவரிடம் உங்கள் நோயாளியை அனுப்பாதீர்கள். இந்தத் தடவை பயிற்சி ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, வேலுத்தாயையே திருப்பிச் சொல்ல வைத்தேன். எது ஒன்று, எது ஒன்றில்லை என்று அவரே சொல்ல வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால்தான் அது பயிற்சி. இரண்டாம் தடவை தேறினார்.

வண்டி எடுக்க ஆரம்பித்துச் சில வாரம் கழித்து, திருவேங்கடத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லாத ஒருநாள், அந்த பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால், இடது கால் தெரிகிற மாதிரி ஓர் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் அந்தக் கால் இறங்குகிறது, ஏறுகிறது. முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா? இடுப்பைத் தூக்கி ஏமாற்றுகிறாரா? மிதிக்கும்போது உதடு மடிகிறதா? முன்னால் குனிந்து குனிந்து பார்த்ததில் பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார்.

கிளைச் சாலை பிரியும் ஒரு விலக்கில் பஸ் நின்றபோது கண்ணாடியில் குருசாமியின் கண் என்னைப் பார்த்தது.

“சார், காலைப் பாக்காதீக.”

“இல்லை, சும்மாதான்…”

“ரெண்டு நாளா எனக்கு அது இருக்கதே மறந்துபோச்சு. நீங்க பாத்தா ஞாபகம் வருது.”

இத்தனை வருடத் தொழிலில் யாரும் எனக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் கொடுத்ததில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து கடைசி இருக்கைக்குப் போனேன். அங்கிருந்து கால் தெரியாது. ஜன்னலில் கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது, காற்று முகத்தில் மண்ணை அடித்தது. முன்னால் கியர் மாறும் சத்தம் மட்டும் கேட்டது. அதை எண்ணாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.